காது

ஹாயிலுக்கு வடக்கே, பதினாறாம் வட்டம். ஜனவரி.
விடியலில் நாசில் முனைகளில் பனி ஊசியாய் நிற்கிறது.
இலை காயும்வரை மருந்தடிக்கக் கூடாது,
பத்து மணிக்கு மேல் காற்று விடாது.
இடைப்பட்ட நேரத்துக்குத்தான் எனக்குச் சம்பளம்.

தில் பகதூர் தொட்டியில் பாதித் தண்ணீர் விடுகிறான்,
மருந்து,
மீதித் தண்ணீர்.
அவன் கையுறையில் சுண்டுவிரல் வெளியே எட்டிப் பார்க்கிறது.

கோதுமையும் புல்தான்.
புல்லுக்குள் நிற்கும் புல்லை மட்டும் சாகடிக்க வேண்டும்.

இலை தண்டைப் பிடிக்குமிடத்தில்
இரண்டு சின்னக் காது இருந்தால் கோதுமை.
காது இல்லையென்றால் காட்டு ஓட்ஸ்.
வலமாய் முறுக்கினால் நம்முடையது,
இடமாய் முறுக்கினால் இல்லை.
மூன்றிலைப் பருவத்தில் இவ்வளவுதான் வித்தியாசம்,
அதுவும் மண்டியிட்டால்தான் தெரியும்.

மருந்து மண்டியிடுவதில்லை.
இரண்டின் மேலும் ஒன்றுபோல விழுகிறது,
ஒன்றுபோல உள்ளே இறங்குகிறது.
கோதுமை அதை உடைத்துச் செரித்துவிடும்.
ஓட்ஸுக்கு அந்த வயிறு கிடையாது.

அப்புறம் ஒன்றும் நடக்காது.
மூன்றாம் நாள் பச்சை. ஆறாம் நாள் பச்சை.
சங்கிலி என்ற என் பெயரைச்
சங்கர் ஆக்கிவிட்ட முதீர்
பதினோராம் நாள் வண்டியை நிறுத்திக் கேட்டார்:
தண்ணீரையா அடித்தாய்?

குனிந்து ஓர் ஓட்ஸின் நடுக்குருத்தை இழுத்தேன்.
சத்தமில்லாமல் கையோடு வந்தது.
அடியில் பழுப்பாய்க் கூழ்,
மேலே இன்னும் சேதி போகாத பச்சை.

திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
நல்லது என்றார்.
கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டதாம்,
அடுத்த வருடம் இந்த வட்டத்துக்கு விதை இல்லையாம்.
பிறகு, கதவைச் சாத்தும்போது,
உன் இகாமா எப்போது முடிகிறது?

ஷஃபானில், என்றேன்.

அவர் போனபின் ஏழாவது டவர் வரை நடந்தேன்.
சக்கரத் தடத்தை ஒட்டி, நான்கைந்து தப்படிக்கு,
ஓட்ஸ் தனியாகத் தழைத்திருந்தது.
போன வருடமும் இதே இடம்.
'நாசில் அடைப்பு' என்று பதிவேட்டில் எழுதியிருந்தேன்.

நாசில் அடைபடவில்லை.
இந்தமுறை அங்கே இரண்டு தடவை ஓட்டினேன்,
பம்பின் முள் அசையவில்லை,
மருந்து சொட்டிச் சொட்டி வழிந்தது.

உட்கார்ந்து ஒரு குருத்தைப் பிடித்து இழுத்தேன்.
இன்னொருமுறை, இரண்டு கையாலும்.

வரவில்லை.