கூட்டுத்தொகை எட்டு

ஐம்பது ரூபாதான் அண்ணே.
லாட்டரின்னு சத்தமாச் சொல்லாதீங்க,
அங்கிட்டு ஏட்டய்யா வடை தின்னுக்கிட்டு இருக்காரு.
இது நன்கொடைச் சீட்டு,
செல்லூர் மேலத்தோப்புத் தெரு சங்கம்.
முதல் பரிசு டபுள் டோர் ஃப்ரிட்ஜ்.
பக்கத்துல ஒரு சொட்டை இருக்கு,
சுவர்ப்பக்கம் திருப்பி வெச்சா தெரியாது.
ரெண்டாவது கிரைண்டர்.
மூணாவது, சிக்கந்தர் பாய் கடையில
அஞ்சு கிலோ கோழிக்கறி,
ஒரே நாள்ல வாங்கிக்கிடணும்.

எதுக்கு வசூல் என்று கேட்பார்கள்.
முதல் வாரம் பொதுக்காரியத்துக்கு என்றேன்.
கோயிலா? இல்லை.
பள்ளிக்கூடமா? இல்லை.
மூன்றாவது கேள்வி வருவதற்குள்
அடிக்கட்டையில் பேரை எழுதிக் கிழித்துவிடுவேன்.
குளிர்பெட்டி, பிணம் வைக்கிற பெட்டி என்று
காலங்காத்தால கடை திறக்கிறவரிடம்
எந்த வாயால் சொல்வது?
ஒருநாள் சொல்லித்தான் பார்த்தேன், ஜவுளிக்கடையில்.
கல்லாவிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து
என் கண்ணெதிரே நறுக்கினார்.

போன சித்திரையில்
அழகர் ஆற்றில் இறங்கிய அன்று
எங்கள் தெரு சோனைமுத்து இறந்துபோனார்.
மகன் திருப்பூரிலிருந்து வரவேண்டும்.
வாடகைப் பெட்டி சிம்மக்கல்லில் நிற்கிறது.
பாலம் முழுக்க ஜனம்,
தண்ணீர் பீய்ச்சுகிறவர்களுக்கு நடுவில்
வண்டி ஒரு முழம் நகரவில்லை.
மீன்கடையிலிருந்து நாலு ஐஸ் பார் வந்தது.
சாக்கும் உமியும் போட்டுச் சுற்றி வைத்தோம்.
ராத்திரி பூரா உருகி
வாசற்படி வழியாகத் தெருவில் இறங்கியது.
வஞ்சிர வாடை.
அவர் பொண்டாட்டி ராக்கம்மா
அழுததைவிடத் துடைத்ததுதான் அதிகம்.

ஆயிரம் சீட்டு அடித்தோம்.
ஆயிரமும் போனால் பழைய பெட்டி ஒன்று வரும்,
ஸ்டெபிலைசர் வராது.

விற்கப் போனால்தான் தெரிகிறது
இந்த ஊர் எண்களிடம் எப்படி நடுங்குகிறது என்று.
சிக்கந்தர் பாய்க்கு 786, எடுத்து வைத்தாயிற்று.
ஒன்பதுக்கு அடிதடி.
மகள் பிறந்த தேதி, பைக் நம்பர்,
வழக்கு ஜெயித்த வருஷத்தின் கடைசி மூன்று இலக்கம்.
எட்டைத் தொட மட்டும் ஆளில்லை.
305ஐ நீட்டினால்
விரலால் கூட்டிப் பார்த்துவிட்டு
கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறார்கள்.
ஆயிரத்துக்குள் நூற்றுப் பதினோரு எட்டு உண்டு.
தூக்கம் வராத ஒரு ராத்திரி எண்ணியது.
புக்கைப் புரட்டினால்
ஒன்பதுக்கு ஒன்றாக, ஒட்டிக்கொண்டு நிற்கின்றன,
பந்தியில் யாரும் கூப்பிடாத ஆட்கள் மாதிரி.

தத்தனேரிக்கே போனேன்.
எரிமேடை பார்க்கிற அங்குராசு சிரித்தார்.
"எனக்கு ஏழும் ஒண்ணுதான் எட்டும் ஒண்ணுதான், குடும்மா."
நாலு வாங்கினார்.
பதினேழை மட்டும் திருப்பிக் கொடுத்தார்.
"எட்டுக்காக இல்ல. எம்மகன் போன தேதி."
பிறகு, நாங்கள் இருவரும் பேசாமல் இருந்ததால்,
"ஃப்ரிட்ஜ் விழுந்தா எங்கிட்டுப் போயி வைக்க,
வீட்ல பிளக்கே ஒண்ணுதான்" என்றார்.

குலுக்கல் ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் ஆறுக்கு,
மழை வந்தால் ரேஷன் கடைத் தாழ்வாரத்தில்.
குடத்திலிருந்து சீட்டு எடுக்கப்போவது ராக்கம்மா.
தாலி இல்லாத கையா என்று
ரெண்டு பேர் முனகினார்கள்.
அவர்களுக்கும் ஆளுக்கொரு எட்டு விற்றேன்.

இன்னும் அறுபத்து மூணு இருக்குண்ணே.
எதுக்குன்னு இப்பச் சொல்லிட்டேன்,
பெறகு சொல்லலைன்னு சொல்லக் கூடாது.
டீக் கிளாசைக் கீழே வைங்க.
044 எழுதட்டா?
பூஜ்யத்தை விடுங்க,
அந்த ரெண்டு நாலையும் பாருங்க,
பக்கத்துப் பக்கத்துல போட்ட
ரெண்டு சேர் மாதிரி இல்ல?
பேரு சொல்லுங்க.