ஆறே முக்கால் அங்குலம்

ரூவி கடைத்தெரு, வியாழன் இரவு.
சின்னதுதான் கைக்கு அடக்கம், விலையும் குறைவு என்றேன்.
தவசிமுத்து கேட்கவில்லை.
கம்பி கட்டித் தடித்த விரலால்
கண்ணாடிக்குள் கிடந்த பெரியதைத் தட்டினார்.
சட்டைப்பையில் நிற்காதே, அண்ணே.
"நிக்க வேண்டாம்."
ஒன்றரை மாதச் சம்பளம்.
"தவணை உண்டுல்லா?"

படம் பார்க்கவா என்றதற்குப்
பழைய போனை நீட்டினார்.
உறைந்த காணொளியில் ஒரு பெண்,
பாதியில் நிற்கும் கைகள்.
"பியூலாவுக்குப் பேச்சு வராது.
வெரல் சிறுத்தா சொல்லு கொழறுது.
நேத்து காய்ச்சல்னா.
நான் கல்யாணம்னு நெனச்சு
சிரிச்சுட்டேன்."

பில் போட்டேன்.
வாசல்வரை போனவர்
பெட்டியைக் கக்கத்தில் இடுக்கி
இரு கையாலும் எனக்கு ஏதோ சொன்னார்.
எதிர்க்கடை வெளிச்சத்தில்
பத்து விரலும் தெளிவாகத் தெரிந்தன.
பொருள்தான் தெரியவில்லை.