தாழ்வு நிலை

மாமனார் காலத்தில் குழாய் இடுப்பளவில் இருந்தது.
சுவரில் அந்த ஓட்டையை இன்னும் யாரும் பூசவில்லை.
அதற்குக் கீழே, முழங்காலளவில் இன்னொன்று,
எனக்குக் கல்யாணமான வருஷத்தியது.
இப்போது குழாய் தரைக்கும் கீழே
இரண்டடிக் குழிக்குள் கழுத்தை வளைத்து நிற்கிறது.
குடம் அதற்குள் இறங்காது.
சொம்பில் பிடித்துப் பிடித்துக்
குடத்துக்கு மாற்ற வேண்டும்.

நாலு பத்துக்குத் தண்ணீர் வரும்.
வரும் என்பது ஒரு பேச்சுக்கு.
முதலில் காற்று, ஒரு செருமல்,
பிறகு நூல்.
ஆறு மணிக்கு நான் பார்க் ஸ்டேஷன் கவுண்ட்டரில்
தாம்பரம் ஒன்று கிண்டி ரெண்டு என்று
கிழித்துக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.
நாலு குடம் தேறினால் அதிகம்.

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்றால்
சென்னையே குடையைத் தேடும்.
எங்கள் குழாயில் அது ஏழெட்டு வருஷமாக
நகராமல் நிலைகொண்டிருக்கிறது.

சிந்தாதிரிப்பேட்டையில் எங்கள் வரிசைக்கு
வீட்டுக்கு வீடு பொதுச்சுவர்.
நாலரைக்குச் சுவர் உறுமத் தொடங்கும்.
குபேந்திரன் வீட்டு மோட்டார்.
உறுமல் ஏற ஏற
என் நூல் அறும்.
அட்டைப்பெட்டி செய்கிறவர்.
பசை காய்ச்ச எத்தனை குடம் வேண்டும் என்று
கணக்குப் போட்டுக்கொண்டே பல் தேய்ப்பேன்.
மனசுக்குள் அவரோடு போட்ட சண்டை எல்லாவற்றிலும்
நான்தான் ஜெயித்திருக்கிறேன்.

போன மாதம் பிளம்பர் எட்வின் வந்தார்.
வாசல் கல்லைப் பெயர்த்து
இரும்புக் குழாயை அறுத்து
ஒரு துண்டை என் கையில் கொடுத்தார்.
வெளியே முக்கால் அங்குலம்.
உள்ளே துரு பூத்துப் பூத்து
பேனா ரீஃபில் நுழைகிற வழி.
“இதுக்குள்ள இவ்ளோ வந்ததே பெருசு மேடம்.”
தினமும் அதைத் திட்டியவளுக்கு
கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

இன்னும் தோண்டிவிட்டு, “மேடம், டீ” என்றார்.
அடுப்பைப் பற்றவைக்கப் போனேன்.
“அது இல்ல, இங்க வந்து பாருங்க.”
குழிக்குள் இரும்பில் ஒரு டீ.
தெருவிலிருந்து ஒரே இணைப்பு,
ஒரு கை எங்களுக்கு, ஒரு கை அவர்களுக்கு.

பீரோவிலிருந்து பத்திரத்தை எடுத்தேன்.
அறுபத்தொன்றில் அண்ணனும் தம்பியும்
பாகம் பிரித்திருக்கிறார்கள்.
மாடிப்படி, வடிகால்,
முருங்கை மரம் ஒன்று, காய்ப்பலன் உட்பட.
குழாயைப் பற்றி ஒரு வரி இல்லை.
தம்பி வீட்டார் விற்று,
வாங்கியவரிடம் வாங்கியவர் குபேந்திரன்.
சாதிசனம் எதுவுமில்லை,
பங்காளி.

புதுக் குழாய் போட்ட மறுநாள்
தண்ணீர் சொம்பில் சத்தம்போட்டு விழுந்தது.
நாலரைக்குச் சுவர் உறுமியது.
அது வேறு உறுமல், வறண்டது.
என் திறந்த குழாய் வழியாக
மோட்டார் காற்றைக் குடிப்பதாக எட்வின் சொன்னார்.
மூடியிருக்கலாம்.
மூடவில்லை.
ஆறு குடம், ஒரு அண்டா,
துவைக்கிற பக்கெட், மீன் கழுவுகிற சட்டி.

மூன்றாம் நாள் பனியனோடு வாசலில் நின்றார்.
“காயில் எரிஞ்சிடுச்சு.
உங்களுக்கு வருதாங்க?”
ஒத்திகை பார்த்த வசனம் ஒன்றும் வாயில் வரவில்லை.
“வருது” என்றேன்.
அறுத்த துண்டைக் காட்டினேன்.
ஒரு கண்ணை மூடி
அதன் வழியாகத் தெருவிளக்கைப் பார்த்தார்.
“எங்க பக்கமும் இப்படித்தான் இருக்கும், இல்ல?”

அவர்கள் பக்கத்துக்கு எட்வின் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.
தனி இணைப்புக்கு மெட்ரோ வாட்டரில் மனு போட்டிருக்கிறது,
ரோடு வெட்ட அனுமதி எப்போது வருமோ.
அதுவரை ஏற்பாடு:
நாலு முப்பத்தைந்துக்கு நான் மூடிவிட்டு
கரண்டிக் காம்பால் சுவரில் இரண்டு தட்டு.

இப்போது நாலு நாற்பது.
கரண்டி கையில் இருக்கிறது.
அரைக் குடம் பாக்கி.
சுவருக்கு அந்தப் பக்கம்
யாரோ காலிப் பக்கெட்டை நகர்த்துகிறார்கள்.