ஒன்பது நொடி

ராயபுரம், கல்மண்டபம் பக்கம்
ஒரு கலியாண மண்டபத்தின் மேல்மாடி.
சுவரெல்லாம்
லாட்ஜிலிருந்து வாடகைக்கு எடுத்த மெத்தைகள்.
இரவு இரண்டு மணிக்கு மேல்தான்
கன்டெய்னர் லாரிகள் கொஞ்சம் ஓயும்.

பிலோமினாவின் செல்லோ, இரண்டு வயலின், ஒரு வியோலா.
எட்வின் எழுதியதில் மூன்றாம் பகுதி
ஒன்பது நொடி
ஒன்றுமில்லாமல் முடிகிறது.
அந்த ஒன்றுமில்லாததில்
கீழ்க்கடை ஃப்ரீசர் முனகியது.
பதிமூன்று டேக்.

கடைக்குள் படுத்திருந்த தங்கக்கனி அண்ணாச்சியை
நான்தான் போய் எழுப்பினேன்.
திட்டிக்கொண்டே ஸ்விட்சை அணைத்தார்.
விடிந்ததும், உருகிய குச்சி ஐஸுக்கு
நானூற்று இருபது ரூபாய் கணக்கெழுதினார்.

ஆல்பம் வந்த அன்று
அவர் காதில் ஹெட்போனை மாட்டினேன்.
சீரகம் மடித்தபடியே கேட்டார்.
“இன்னும் சுதிதான் சேக்காவளா?”
கொஞ்சம் பொறுத்து,
“நான் பெட்டிய அமத்துனது எங்கன வருது?”

ஓட்டிக் காட்டினேன்.
பொட்டலத்தைக் கீழே வைத்தார்.
சில்லறைக்கு நின்றவனைக்
கைகாட்டி நிறுத்திவிட்டு
இன்னொரு முறை போடச் சொன்னார்.

“ஒண்ணும் கேக்கல,” என்றார்.
திரும்பி
ஃப்ரீசரை ஒருதரம் பார்த்துக்கொண்டார்.