ஒரு க

நியூ மோல்டன் தபால் கிடங்கில்
கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற பெடியனுக்கு
இருபத்திரண்டு மதிக்கலாம்.
பொதியைப் பார்க்கிறான். வங்கி அட்டையைப் பார்க்கிறான்.
"இது வேற ஆள்" என்கிறான்.
பொதியில் கே. அட்டையில் ஜி.
மிச்சமெல்லாம் ஒன்று.
கடவுச்சீட்டு விசாவுக்குப் போய் நாலு மாதம்.

பக்கத்து வீட்டுக்காரி பேசாமல் நிற்கிறாள்.
ஆறு வருஷமாய் எனக்கு அவள் தோயுன் அம்மா.
தேவாலயத்திலும் அப்படித்தான், மீன்கடையிலும் அப்படித்தான்,
கோஜே தீவில் கப்பல் கம்பனிக் கணக்கோடு இருக்கும் புருஷனும்
தொலைபேசியில் அப்படித்தான் கூப்பிடுகிறாராம்.
தலைமை அலுவலகம் திருப்பி அழைத்தது, அவர் போனார்.
பிள்ளைகளின் படிப்பென்று இவள் நின்றாள்.
தூர இருந்து காசு அனுப்பும் அப்பனுக்கு
அவர்கள் மொழியில் காட்டு வாத்து என்று பெயராம்.
வாத்தின் பெண்சாதிக்கு என்ன பெயர் என்று கேட்டேன்.
கொஞ்சம் யோசித்தாள்.
இல்லை என்றாள்.

கில்யொன்.
இன்றைக்கு வரிசையில் நிற்கையில்தான் எனக்குத் தெரியும்.
ஊரில் யாரோ கே போட்டு எழுதிவிட்டார்கள்.
இங்கே பள்ளிப் படிவத்தில் அதைக் கண்ட மகன்
பென்சிலால் வெட்டினானாம்:
"அம்மா, இவங்க காதில் அது கொலை."
அன்றிலிருந்து வங்கிக்கு ஜி, டாக்டருக்கு ஜி,
சோலில் இருக்கும் தங்கச்சிக்கு மட்டும் பழைய கே.

இந்த விஷயத்தில் நான் பழுத்த வக்கீல்.
அப்பாவின் பெயரில் எனக்கு நூலக அட்டை,
புருஷன் பெயரில் பல் வைத்தியர்,
மிஸ்டர் தவமலர் என்று தண்ணீர் பில்.
முப்பது வருஷமாய் ஒவ்வொரு கண்ணாடிக்கு முன்னாலும்
நான்தான் நான் என்று நிரூபித்து வருகிறேன்.
முன்னே போனேன்.
"தம்பி, ரெண்டும் ஒரு சத்தம். சொல்லிப் பார்,
நாக்கு எங்கே முட்டுது?"
அவன் சொல்லிப் பார்க்கவில்லை.

எங்களிடம் ஒரு க இருக்கிறது என்று
அவனுக்கு எப்படி விளங்கப்படுத்த?
கல்லில் ஒரு சத்தம், தங்கத்தில் ஒரு சத்தம்,
அகத்தில் வெறும் மூச்சு.
அதனிடம் இதுவரை யாரும்
அடையாள அட்டை கேட்டதில்லை.

சிவப்புச் சீட்டின் முதுகில் எழுதிக் காட்டினேன்.
"நிறைய வட்டம்" என்றாள்.
தன்னுடைய க-வைக் கீழே எழுதினாள்,
மேசையின் மூலை மாதிரி ஒன்று.
என் பெயரையும் சொல்லிப் பார்த்தாள்: தபமல்.
அவர்களிடம் வ இல்லையாம். பரவாயில்லை.

அம்மாவும் அப்பாவும் ரெண்டு மொழியிலும் ஒன்றென்று
என் மனுஷன் வாட்ஸ்அப்பில் அனுப்பும் காணொளியை
நான் அவளுக்கு ஒருநாளும் காட்டியதில்லை.
அவளை அம்மா என்று கூப்பிட
ஆள் குறைவில்லை.

கடைசியில் உள்ளேயிருந்து வந்த ஒரு மனுஷி
முகவரியைப் பார்த்தாள், வரிசையின் நீளத்தைப் பார்த்தாள்,
பொதியை இந்தப் பக்கம் தள்ளிவிட்டாள்.

பஸ் தரிப்பிடத்திலேயே கிழித்தாள்.
சோற்றுக் குக்கர் மூடிக்கு ஒரு ரப்பர் வளையம்.
மூன்று வாரமாய் ஆவி பக்கத்தால் போகிறதாம்,
சோறு அடியில் கருகி மேலே அரிசியாய் நிற்கிறதாம்.
"கேஸ்கட்!" என்று கத்திவிட்டேன்.
என்னுடையதும் வெடித்துத்தான் கிடக்கிறது,
தை மாதத்திலிருந்து.

வளையத்தை முழங்கை வரை ஏற்றிக்கொண்டாள்.
இருநூற்றுப் பதின்மூன்று எங்களைத் தாண்டிப் போய்
வேண்டா வெறுப்பாய் நின்றது.
"கில்யொன், ஓடு!"

முதலில் பின்னால் திரும்பிப் பார்த்தாள்,
யாரை என்று.
பிறகு ஓடினாள்.