காரணத்தைத் தேர்ந்தெடுக்கவும்

லைப்சிக்கில் அப்போது இரவு பதினொன்றே முக்கால்.
அந்த ஊரை நான் பார்த்ததில்லை,
திரையில்தான் தெரியும்.
ஒரு ராத்திரிக்குள் எத்தனையோ லட்சம் பெட்டிகள்
ஓடும் பட்டையில் வழுக்கிப் போய்
தத்தம் ஊரின் வாய்க்குள் விழுமாம்.
பயிற்சியில் காட்டிய படத்தில்
மனிதர்கள் எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

அங்கிருந்து துபாய், பெங்களூர், கோவை.
மொத்தம் நாற்பத்தோரு மணி நேரம்.
கோவையிலிருந்து மஞ்சூருக்கு மட்டும்
மூன்று நாள்.
பர்லியாறில் மண் சரிந்திருந்தது.

இப்போது அது என் முதுகுப் பையில்,
ஒன்றே முக்கால் கிலோ.
பேரிங் என்று மேலே எழுதியிருக்கிறது.
கிண்ணக்கொரை வரை போகவேண்டும்.
ஸ்கூட்டர் விளக்கு மஞ்சுக்குள்
ஒரு முழம்கூடப் போகவில்லை.

தாய்சோலை தாண்டிய வளைவில் காட்டெருமை.
சாலைக்குக் குறுக்கே,
நாலு காலிலும் வெள்ளைக் காலுறை போட்டுக்கொண்டு,
யாருக்கும் பதில் சொல்லும் அவசியமில்லாமல்.
எஞ்சினை அணைத்தேன்.
செயலி கேட்டது: தாமதம் ஏன்?
பஞ்சர். மழை. முகவரி தவறு. வாடிக்கையாளர் இல்லை.
மழை என்று அழுத்தினேன்.
எருமையின் முதுகில் ஆவி பறந்துகொண்டிருந்தது,
அதுவும் ஒருவகையில் மழைதான்.

தேயிலை ஆலை வாசலில் ஃபிட்டர் ஆரி போஜன்
நான் இறங்குமுன்னே கையை நீட்டினார்.
அஞ்சு நாளாய் உருளை நிற்கிறது,
வாடல் தொட்டியில் இலை கறுக்கிறது,
கொண்டுவந்த கொழுந்தை ஜனங்கள்
திருப்பிச் சுமந்து போகிறார்கள்,
எல்லாம் ஒரே மூச்சில்.
ஓடிபி இல்லாமல் தரமுடியாதுங்க, என்றேன்.
அவர் தன் போனைப் பார்த்தார்.
நான் என்னுடையதைப் பார்த்தேன்.
இரண்டிலும் ஒரு கோடுகூட இல்லை.

கோவிலுக்குப் பின்னால் பாறைமேல் கிடைக்கும்.
ஏறினோம். பாதி படி, பாதி வேர்.
அட்டைக்கென்று உப்புப் பொட்டலம் வைத்திருந்தார்,
எனக்கும் ஒரு சிட்டிகை.
உச்சியில் போன் பிடித்த கைகளை உயர்த்தி
சரணடைந்தவர்கள் மாதிரி நின்றோம்.

முதலில் என்னுடையதுதான் ஒலித்தது.
'வாடிக்கையாளர் இடத்தில் இல்லை'
தானாகவே பதிவாகியிருந்தது.
அவர் என் பக்கத்தில் குனிந்து
கணுக்காலில் ஒன்றைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அந்த ஆறு எண்கள்.
ஏழு, ஏழு, சைபர் என்று
குன்னூர் ஏலக்காரர் போல உரக்கச் சொன்னார்.
கையெழுத்துகூடப் போடாமல்
பெட்டியோடு இறங்கி ஓடினார்.

திரும்பும் வழியில் ஒரு பிக்கப்.
ஸ்டெல்லா, எஸ்டேட் லயம், ஆறாம் எண்.
வியட்நாமில் தைத்த ஷூ, இவளுக்குச் சின்னது.
திறந்து சரிபார்க்கவேண்டும், விதி அப்படி.
அடியில் ஒரு தூசி இல்லை.
இத்தனை கடல் தாண்டியும்
ஓரடிகூட நடக்காத ஜோடி.
மூடி ஒட்டி, பையில் வைத்தேன்.

எருமை இன்னும் அங்கேயே நிற்கலாம்.
இந்த முறை பஞ்சர் என்று போடலாமா
என யோசித்தபடி
கிக்கரை உதைத்தேன்.