எவ்வளவு தடிமன்

பனிக்காலணியைக் கழற்றாமல் கடைக்குள் வந்து
எத்தனை சிசி வாங்கலாம் என்றார் கால்யூ.
இந்த வோரு நகரில் என்னிடம் அதைக் கேட்காதவர்
பாதிரியார் ஒருவர்தான்.
போன டிசம்பரில் அவரும் கேட்டுவிட்டார்.

விறகுக்கா, பலகைக்கா என்றேன்.
பலகைக்கு. புயலில் சாய்ந்த ஆஷ் மரம்.
ஒரு மேசை, மாடிப்படி,
மிச்சத்துக்கு இன்னும் யோசிக்கவில்லை.

குறுக்கே அறுப்பது ஒரு நிமிடக் கோபம் கால்யூ.
நெடுக்கே கிழிப்பது அப்படியில்லை.
அடியிலிருந்து நுனிவரை முழு விசையில்
எஞ்சின் மூச்சுவிடாமல் கத்தவேண்டும்.
உங்கள் கொட்டகையில் கிடக்கும் ஐம்பது சிசி
இரண்டாம் பலகையிலேயே கருகி மணக்கும்.
எழுபதுக்குக் கீழே வேண்டாம்,
தொண்ணூறு என்றால் நிம்மதியாகத் தூங்குவேன்.
சங்கிலியும் வேறு. பல்லின் சாய்வு முப்பது பாகை அல்ல, பத்து.

சிகரெட் அட்டையின் பின்னால்
எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

சரி, எவ்வளவு தடிமன்?

கைகளை விரித்தார்.
கொஞ்சம் குறுக்கினார். மறுபடி விரித்தார்.
தூண்டில்காரர்களின் கை அது, நான் நம்புவதில்லை.
அளவுநாடாவை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

நுனியை அளந்துவிட்டேன், நாற்பத்தொன்று.
அடிமரம்… அந்தப் பக்கம் இருக்கிறது.
எந்தப் பக்கம்?
வைகேயின் பக்கம்.

ஓ.

ஒரு வடிகால் தகராறு. பதினேழு வருடம்.
இருவரும் ஒரே பேருந்தில் ஏறினால்
ஓட்டுநர் வானொலியைக் கூட்டிவைப்பார்.

வேர் அவள் நிலத்தில், நுனி என் கொட்டகைக் கூரையில்.
அப்படியென்றால் மரம் யாருடையது?
அதைத்தான் இன்னும் பேசவில்லை என்றார்,
பதினேழு வருடத்தில் பேசிய எதையோ
தொடர்வது போல.

அடி தெரியாமல் வாள் வாங்க முடியாது.
சட்டம் ஒரு கையகலம் விழுங்கிவிடும்.
வாள் குட்டையானால் நடு மரத்தில் முட்டி நிற்பீர்கள்,
நெட்டையானால் வீண் எடையைச் சுமப்பீர்கள்.
ஜன்னலிலிருந்து பார்த்தேனே என்றார்.
ஜன்னலிலிருந்து!

ஒன்றும் வாங்காமல் போனார்.
போன பிறகு பார்த்தால் அளவுநாடாவைக் காணோம்.

நாலாம் நாள் வைகே வந்தாள்.
மேலங்கிப் பையிலிருந்து என் நாடாவை எடுத்து வைத்தாள்,
நுனியில் மரப்பாசி ஒட்டியிருந்தது.
எழுபத்தெட்டு, பட்டையோடு என்றாள்.
பலகை அறுக்கும் சட்டம் ஒன்று வேண்டும்.
எந்த ரம்பத்துக்கு?
அந்த ஆள் வாங்கப்போவதற்கு.

முப்பத்தாறு அங்குல வாள் கையிருப்பில் இல்லை,
டார்ட்டுவிலிருந்து வியாழனன்று வரும் என்றேன்.
தலையசைத்துவிட்டு வாசல்வரை போனவள் திரும்பினாள்.
காதுக்கவசம் இரண்டு கொடு.
இரண்டா?
அறுக்கிறபோது பேச வேண்டியிருக்காதே.